ஆன்டெனா இல்லாத ரூட்டர்

சிறிய அலுவலகங்களில் ரூட்டரை யாரும் யோசித்து வாங்குவதில்லை. ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருகிறவர் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார். ஒளியாக வருவதை மின்சமிக்ஞையாக மாற்றுவது, எல்லாச் சாதனங்களுக்கும் முகவரி கொடுப்பது, வைஃபை பரப்புவது, வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது என எல்லா வேலையும் அந்த ஒரே பெட்டியின் தலையில் விழுகிறது. ஐந்தாறு பேர் இருக்கும்வரை அது குறையில்லாமல் ஓடும். ஆட்கள் கூடக்கூட, காரணம் சொல்ல முடியாத சின்னச் சின்னத் தொல்லைகள் தொடங்கும். அணைத்துப் போட்டால் சரியாகும், மறுநாள் மீண்டும் வரும். கோயம்புத்தூரில் ஒரு தணிக்கை அலுவலகத்தின் கணினி வேலைகளைக் கவனித்துக்கொள்பவன் நான். அந்த அலுவலகம் இருபது பேரைத் தாண்டியபோது ரூட்டர் தேர்ந்தெடுப்பதற்காக எதையெல்லாம் பார்த்தேன், எதையெல்லாம் பொருட்படுத்தாமல் ஒதுக்கினேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சாதனங்களைக் கணக்கெடுக்க வேண்டும். ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு கைப்பேசி, பார்ட்னர்களுக்குக் கூடுதலாக மடிக்கணினி, பிரிண்டர்கள், டிவிஆர் எனப்படும் சிசிடிவி பதிவுப்பெட்டி, விரல்ரேகை வருகைப்பதிவு இயந்திரம், டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடும் சர்வர், கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டி என்று கூட்டினால் இருபது பேர் உள்ள அலுவலகத்தில் சாதனங்கள் ஐம்பதைத் தாண்டிவிடும். இவற்றில் ஒவ்வொரு கணினியும் பிரௌசரில் திறந்து வைத்திருக்கும் டேப்களுக்காகவும், பின்னணியில் ஓடும் ஒத்திசைவுகளுக்காகவும் ஒரே நேரத்தில் பல பத்து இணைப்புகளை வெளியுலகுடன் வைத்திருக்கும். அந்த இணைப்புகள் ஒவ்வொன்றையும், எந்தக் கணினியிலிருந்து கிளம்பியது, பதில் வந்தால் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று ரூட்டர் தன் நினைவகத்தில் ஓர் அட்டவணையாக வைத்துக்கொள்கிறது. மலிவான வீட்டுப் பெட்டியில் அந்த அட்டவணை சிறியது. அது நிரம்பிவிட்டால், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் இணைப்புகள் நடக்கும், புதிதாக ஒன்று திறக்காது. “வாட்ஸ்அப் வருது சார், போர்ட்டல் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு” என்ற புகாருக்கு இது ஒரு காரணம். மாதாந்திர ஜிஎஸ்டி படிவங்களில் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய வேண்டிய 11ஆம் தேதியும், 3பி தாக்கல் செய்ய வேண்டிய 20ஆம் தேதியும் நெருங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைவதால், புகாரும் அந்த நாட்களில்தான் குவியும். பழி பெரும்பாலும் அரசாங்கத் தளத்தின் மீது விழும். பல நேரம் அது நியாயமான பழிதான் என்பதால், நம் பெட்டியை யாரும் சந்தேகிப்பதில்லை.

கடையில் போய்க் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது நான்கு அல்லது ஆறு ஆன்டெனாக்கள் முளைத்த பெட்டியைத்தான். அதன் அட்டையில் ஏசி1200 என்றோ ஏஎக்ஸ்3000 என்றோ பெரிதாக அச்சிட்டிருக்கும். ஏசி1200 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300 மெகாபிட்டையும், 5 கிகாஹெர்ட்ஸின் 867 மெகாபிட்டையும் கூட்டி, மேலே தள்ளி முழுமையாக்கிய எண். ஏஎக்ஸ்3000 என்பது அவ்வாறே 574-உம் 2402-உம் சேர்ந்தது. அந்த 2402 கிடைப்பதற்கு 160 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல் வேண்டும், எதிரில் இருக்கும் மடிக்கணினியும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஒரே சாதனம் இரண்டு அலைவரிசைகளையும் கூட்டிப் பயன்படுத்தப் போவதுமில்லை. இந்த எண்கள் காற்றில் செல்லும் சமிக்ஞையின் உச்ச வேகங்கள் மட்டுமே. ஐம்பது சாதனங்களின் போக்குவரத்தை உள்ளே இருக்கும் செயலி எப்படிச் சமாளிக்கும் என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. ஏசி1200 என்று போட்டுக்கொண்டு, பின்புறம் 100 மெகாபிட் போர்ட்டுகளை மட்டும் வைத்திருக்கும் மாடல்களும் சந்தையில் உண்டு. 200 மெகாபிட் இணைப்புக்குக் காசு கட்டுகிற அலுவலகம் அப்படிப்பட்ட ஒன்றை வாங்கினால், பாதி வேகம் வாசலிலேயே நின்றுவிடும்.

ஆகவே நான் தேடியது ஆன்டெனாவே இல்லாத ரூட்டரை. வளர்கிற அலுவலகத்தில் வேலைகளை மூன்று வகைப் பெட்டிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் நம்பகத்தன்மைக்கு முதல் படி என்பது என் உறுதியான எண்ணம். வெளியுலகோடு பேசுவதற்குக் கம்பிவழி ரூட்டர் ஒன்று. கணினிகளையும் பிரிண்டர்களையும் கேபிளால் சேர்ப்பதற்குச் சுவிட்ச் ஒன்று. வைஃபைக்குக் கூரையில் பொருத்தும் ஆக்சஸ் பாயிண்ட்டுகள் தனியே. சுவிட்ச் பிஓஇ வகையாக இருந்தால் ஆக்சஸ் பாயிண்ட்டுக்கான மின்சாரமும் அதே ஈதர்நெட் கேபிளில் போய்விடும், 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கிடைக்கும், ஃபால்ஸ் சீலிங்குக்குள் பிளக் பாயிண்ட் தேட வேண்டியதில்லை. இப்படிப் பிரித்துவிட்டால், மாடியில் புதிதாக ஓர் அறை எடுக்கும்போது ஓர் ஆக்சஸ் பாயிண்ட் மட்டும் கூடும், ரூட்டரைத் தொட வேண்டாம். ரூட்டர் பழுதானாலும் உள்ளே டேலியும் பிரிண்டரும் சுவிட்ச் வழியாக ஓடிக்கொண்டிருக்கும். அறையின் நடுவே வைஃபை எட்ட வேண்டும் என்பதற்காக ரூட்டரைக் கண்ட இடத்தில் தொங்கவிடும் கட்டாயமும் இல்லை.

இணைப்பு நிறுவனம் கொடுத்த வெள்ளைப் பெட்டியைத் தூக்கிப் போட முடியாது. ஃபைபர் அதில்தான் வந்து முடிகிறது. ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றி அனுப்புவதோடு அது நிற்கும்படி பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லி, பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறைக்கான பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கி, நம் ரூட்டரே நேராக உள்நுழையும்படி செய்ய வேண்டும். இல்லையென்றால் உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு பெட்டிகளில் இரண்டு முறை நடக்கும். வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் விபிஎன் போன்றவற்றுக்கு அது தலைவலி. பிபிபிஓஇ தனக்கென 8 பைட் எடுத்துக்கொள்வதால் பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டு ஒன்றின் உச்ச அளவு 1500-இலிருந்து 1492-ஆகக் குறையும். எல்லாத் தளங்களும் திறந்து, ஏதோ ஒன்றிரண்டு மட்டும் பாதியில் நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்ததாக, வேகத்தைக் காட்டிலும் நான் அதிகம் கவனித்தது தாமதத்தை. இதை எவரும் தம் மேசையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கணினியில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குத் தொடர்ச்சியாக பிங் ஓடவிட்டு, பதில் வர ஆகும் நேரத்தைக் காட்டும் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சும்மா இருக்கும் இணைப்பில் அது பத்து, இருபது மில்லிவிநாடிகளுக்குள் நிற்கும். இப்போது வேறொரு கணினியிலிருந்து ஒரு பெரிய பேக்கப் கோப்பைக் கூகுள் டிரைவுக்கு ஏற்றத் தொடங்கினால், பல வீட்டு ரூட்டர்களில் அந்த எண் நூறு, இருநூறு என்று ஏறி ஐந்நூறையும் தொடும். கோப்பு நல்ல வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் பக்கத்து அறையில் வாடிக்கையாளரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருப்பவரின் முகம் உறைந்துவிடும். ரேஷன் கடை வரிசையில் பத்து அட்டைகளோடு ஒருவர் முன்னால் நின்றால், ஒரு கிலோ சர்க்கரைக்கு வந்தவரும் அவர் முடிக்கும்வரை நிற்க வேண்டியிருப்பது போன்றதுதான் இது. ரூட்டர் தன் நினைவகத்தில் பாக்கெட்டுகளை அளவுக்கு மீறி அடுக்கி வைத்துக்கொள்வதால் வரும் இந்தக் கோளாறுக்கு, கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கோடல் என்ற முறையை வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த எஃப்க்யூ-கோடல், கேக் ஆகியவை ஒவ்வொரு இணைப்பையும் தனி வரிசையாகப் பிரித்து, சிறிய இணைப்புகள் பெரியவற்றின் பின்னால் சிக்காமல் பார்த்துக்கொள்கின்றன. மைக்ரோடிக் நிறுவனத்தின் ரூட்டர்களில் ஓடும் ரூட்டர்ஓஎஸ் 7-இல் இவை இரண்டும் உண்டு. யுபிக்விட்டியின் யூனிஃபை வரிசையில் ஸ்மார்ட் க்யூ என்ற பெயரில் இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளை ஏற்றிய பெட்டியிலும் சேர்த்துக்கொள்ளலாம். வேக வரம்பை உண்மையான இணைப்பு வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, தொண்ணூறு சதவீதத்தை ஒட்டி வைக்க வேண்டும். அப்போதுதான் வரிசை நம் பெட்டியில் நிற்கும், நம் கட்டுப்பாட்டிலும் இருக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. கிகாபிட் வேகம் என்று சொல்லப்படும் பல ரூட்டர்கள் அந்த வேகத்தை எட்டுவது, பாக்கெட்டுகளைச் செயலியின் கண்ணில் காட்டாமல் சிப்பின் குறுக்குவழியில் அனுப்புவதால்தான். வரிசை மேலாண்மையை இயக்கியதும் ஒவ்வொரு பாக்கெட்டும் செயலி வழியாகப் போக வேண்டியிருக்கும், வேகம் பாதிக்கும் கீழே இறங்கினாலும் ஆச்சரியப்படக் கூடாது. எனவே தயாரிப்பாளர் வெளியிடும் அளவீடுகளை எந்த நிலையில் எடுத்தார்கள் என்று பார்ப்பது அவசியம். இந்த விஷயத்தில் லாட்வியா நாட்டு மைக்ரோடிக் நிறுவனத்தின் நேர்மை எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் 1518, 512, 64 பைட் பாக்கெட்டுகளுக்குத் தனித்தனியாகவும், 25 ஃபில்டர் விதிகள் போட்டால் எவ்வளவு, 25 வரிசைகள் வைத்தால் எவ்வளவு என்றும் அட்டவணை போட்டு வெளியிடுகிறார்கள். நான் பார்ப்பது 25 விதிகளோடு 512 பைட்டுக்கான கட்டத்தை. அன்றாட அலுவலகப் போக்குவரத்துக்கு அதுதான் பக்கத்தில் வரும்.

இரண்டாவது இணைப்பு என்ற பேச்சு, ஒரு தாக்கல் நாளில் நெட் போன பிறகு தானாக வந்துவிடும். அதற்கு, வெளி இணைப்பைச் செருகும் ‘வான்’ போர்ட்டுகள் இரண்டை ஏற்கும் ரூட்டர் வேண்டும். டிபி-லிங்கின் ஈஆர்605 போன்ற விலை குறைந்த பெட்டிகளிலேயே இன்று அந்த வசதி இருக்கிறது. ஆனால் இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்குவதும் இரண்டு வழிகள் இருப்பதும் ஒன்றல்ல. நம் ஊர்களில் இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் பெரும்பாலும் ஒரே மின்கம்ப வரிசையில், சில நேரம் ஒரே உள்ளூர் ஆபரேட்டரின் கையில் தொங்கும். சாக்கடை தோண்டும் இயந்திரமோ உயரமாகப் பாரம் ஏற்றிய லாரியோ இரண்டையும் ஒன்றாக அறுத்துவிடும். இணைப்பு வாங்கும் முன் தெருவில் இறங்கி, கேபிள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்ப்பது நல்லது. இரண்டும் ஒரே பக்கம் என்றால் இரண்டாவதாக 4ஜி அல்லது 5ஜி சிம் வைத்துக்கொள்வதே மேல்.

முதல் இணைப்பு போனால் ரூட்டர் இரண்டாவதற்கு மாறுகிறதா என்று சோதிக்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பலர் ரூட்டருக்குள் வரும் ஈதர்நெட் கேபிளைப் பிடுங்கி, அடுத்த இணைப்புக்கு உடனே மாறுவதைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். உண்மையில் அறுபடுவது வெளியே இருக்கும் ஃபைபர். அப்போது வெள்ளைப் பெட்டியில் லாஸ் என்ற சிவப்பு விளக்கு மினுங்கும், ஆனால் அந்தப் பெட்டிக்கும் நம் ரூட்டருக்கும் இடையிலுள்ள கேபிளில் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். வெள்ளைப் பெட்டி பிரிட்ஜ் முறையில் இல்லாவிட்டால், கேபிளின் நிலையை மட்டும் பார்க்கும் ரூட்டர், எல்லாம் நலம் என்று நினைத்து, செத்துப்போன இணைப்பிலேயே பாக்கெட்டுகளைத் தள்ளிக்கொண்டிருக்கும். இணையத்தின் அந்தப்பக்கம் இருக்கும் ஒரு முகவரியை அவ்வப்போது பிங் செய்து, பதில் வராதபோது மாறும்படி அமைக்க முடிகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. சோதிக்கும்போது ஃபைபரைத்தான் கழற்ற வேண்டும். இரண்டு இணைப்புகளையும் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் முறையைக் கடைக்காரர்கள் பெரிய வசதியாகச் சொல்வார்கள். ஆனால் வங்கித் தளங்கள் சில, பாதி வேலையில் இணைப்போடு நம் முகவரியும் மாறியதும் சந்தேகப்பட்டு வெளியே தள்ளிவிடும். தணிக்கை அலுவலகத்தில் நாள் முழுக்க நெட்பேங்கிங் ஓடுவதால் ஒன்று முதன்மை, மற்றொன்று காத்திருப்பு என்ற எளிய ஏற்பாட்டையே வைத்தேன்.

ரூட்டர் மாற்றும் நாள்தான் உள் முகவரிகளையும் மாற்றுவதற்குச் சரியான நாள். பெரும்பாலான பெட்டிகள் 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையோடு வருகின்றன, ஊழியர்களின் வீட்டு ரூட்டர்களும் அப்படியே. ஒருவர் வீட்டிலிருந்து விபிஎன் வழியாக அலுவலக சர்வரை 192.168.1.10 என்று கூப்பிட்டால், அவருடைய கணினி அந்த முகவரியைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். விபிஎன் இணைந்துவிட்டதாகக் காட்டும், டேலி மட்டும் திறக்காது. 10-இல் தொடங்கும் வரிசையில், யாரும் எளிதில் பயன்படுத்தாத நடு எண்களைப் போட்டு, 10.37.20 என்பதுபோல வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எழாது. சாதனங்கள் கூடிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. பிரிண்டர், விரல்ரேகை இயந்திரம், டிவிஆர் ஒவ்வொன்றின் சின்னத் திரையிலும் போய் எண்ணைத் தட்ட வேண்டும். அதே கையோடு, ஒரே நெட்வொர்க்கை ஒன்றுக்கொன்று தெரியாத பகுதிகளாக்கும் விலானும் பிரித்துவிடலாம்: கணக்குக் கணினிகள் ஒன்றில், விருந்தினர் வைஃபை ஒன்றில், சிசிடிவியும் விரல்ரேகை இயந்திரமும் வேறொன்றில். 2016-இல் பல பெரிய இணையத் தளங்களைத் தடுமாற வைத்த மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் படையாகத் திரட்டியது. முதலாளி வீட்டிலிருந்து கேமரா பார்க்க வேண்டும் என்பதற்காக டிவிஆருக்கு ரூட்டரில் போர்ட் திறந்துவிடும் பழக்கத்தை நான் ஒப்புவதில்லை. விபிஎன் வழியாகப் பார்க்கட்டும். அதற்கு நமக்கென்று ஒரு பொது ஐபி முகவரி வேண்டும், அது நிலையானதாக இருந்தால் நல்லது, கூடுதல் கட்டணம் ஆகலாம். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால், நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து நேராக நம் பெட்டியை எட்ட முடியாது.

இதுவரை சொன்னவை எல்லாம் பொருந்தியும், ஒரு பெட்டியை நான் நிராகரிக்கக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறது: ஃபர்ம்வேர் எனப்படும் அதன் உள் மென்பொருளுக்குத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு வரும் என்பது தெரியாவிட்டால் வாங்க மாட்டேன். சிறு அலுவலகங்களுக்கென்றே விற்கப்பட்ட சிஸ்கோவின் ஆர்வி110டபிள்யூ, ஆர்வி130, ஆர்வி215டபிள்யூ ரூட்டர்களில் 2021-இல் மிக மோசமான பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிப்பட்டபோது, அவற்றின் ஆதரவுக் காலம் முடிந்துவிட்டதால் திருத்தம் வராது, புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் அறிவித்தது. பெரிய பெயரைப் பார்த்து வாங்கினால் பிழைத்தோம் என்று இருக்க முடியாது. திருத்தம் வந்தாலும் போட வேண்டும்: 2018 ஏப்ரலில் மைக்ரோடிக் தன் ரூட்டர்களை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் வழியிலிருந்த ஓட்டையை அடைத்து ஃபர்ம்வேர் வெளியிட்டது, பல மாதங்கள் கழித்தும் அதை ஏற்றாத ரூட்டர்கள் லட்சத்துக்கு மேல் தாக்குபவர்களின் கைக்குப் போய், உரிமையாளருக்குத் தெரியாமல், தம் வழியே போகும் இணையப் பக்கங்களில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலைச் செருகிக்கொண்டிருந்தன. வாங்கும் முன் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் ஃபர்ம்வேர் பக்கத்தைத் திறந்து, தேதிகளைப் பார்ப்பேன். கடைசித் தேதி இரண்டு ஆண்டு பழையது என்றால், கடையில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். செகண்ட் ஹேண்ட் சரக்கு மலிவாகக் கிடைப்பதன் ரகசியமும் பல நேரம் இதுவே.

பதிவேடு பற்றியும் ஒரு சொல். 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் உத்தரவின்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சிறிய ரூட்டர்களின் நினைவகத்தில் பழைய பதிவுகள் அடிபட்டுப் போகும், மின்சாரம் போனால் மொத்தமும் அழியும். வேறொரு கணினிக்கோ நாஸுக்கோ பதிவுகளை சிஸ்லாக் என்ற முறையில் அனுப்பும் வசதி இருந்தால் போதும். கம்பிவழி வணிக ரூட்டர்களில் அது அநேகமாக இருக்கும்.

எந்த மாடல் என்று கேட்பீர்கள். முப்பது பேர் வரையுள்ள அலுவலகத்துக்கு ஐயாயிரம் ரூபாயிலிருந்து பத்தாயிரத்துக்குள் நல்ல பெட்டி கிடைக்கிறது. முடிவு செய்ய வேண்டியது, நாளை அதைத் திறந்து பார்க்கப் போகிறவர் யார் என்பதை. நெட்வொர்க் தெரிந்தவர் கூடவே இருந்தால் மைக்ரோடிக்கின் ஹெக்ஸ் வரிசை கொடுக்கும் காசுக்கு மிக அதிகம் தரும். ஆனால் அதன் திரையைப் பார்த்ததும் நம் வட்டாரத்துக் கணினிக் கடைப் பையன்கள் பலர் பின்வாங்குவார்கள். அப்படி ஆள் இல்லாத இடத்தில் டிபி-லிங்கின் ஓமடா வரிசை ஏற்றது. ரூட்டர், சுவிட்ச், ஆக்சஸ் பாயிண்ட் மூன்றையும் ஒரே திரையில் நிர்வகிக்கலாம், பெரிய ஊர்களில் பொருளும் உடனே கிடைக்கும். யூனிஃபை அதைவிட அழகாக இருக்கும், விலையும் கூடும். எங்களுக்கு நான் இல்லாத நாளிலும் ஓட வேண்டும் என்பதால், மைக்ரோடிக் மீது எனக்குள்ள பிரியத்தை ஒதுக்கிவிட்டு ஓமடாவை எடுத்தேன். வீடியோ அழைப்புகளுக்காக, பேக்கப் ஏற்றும் நாஸுக்கு மட்டும் வேக வரம்பு போட்டு வைத்திருக்கிறேன், அது எஃப்க்யூ-கோடல் அளவுக்கு நேர்த்தியானதல்ல என்றாலும் வேலை நடக்கிறது.

இருபதாயிரம் ரூபாய்க்கு ஒன்றே ஒன்று வாங்குவதைவிட, தலா ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரே மாடலில் இரண்டு வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். ஒன்று ஓடட்டும், மற்றொன்று அதே அமைப்புக் கோப்பை ஏற்றி, அலமாரியில் இருக்கட்டும். முதலாவதில் ஃபர்ம்வேரையோ அமைப்பையோ மாற்றும்போதெல்லாம் இரண்டாவதிலும் மாற்றிவிட வேண்டும். வாரண்டியில் மாற்றிக் கொடுப்பார்கள்தான், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். 20ஆம் தேதி அதற்காகக் காத்திருக்காது. வெள்ளைப் பெட்டி, ரூட்டர், சுவிட்ச் மூன்றும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தில் வெள்ளைப் பெட்டி மட்டும் அணைந்து எழுந்தால்கூட இணைப்புத் திரும்பச் சில நிமிடங்கள் ஆகும். மொட்டை மாடியிலிருந்து செம்புக் கேபிளாக இணைப்பு இறங்கும் கட்டடம் என்றால் இடிமழைக் காலத்தில் ரூட்டரின் வான் போர்ட் கருகுவது வாடிக்கை. ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், கட்டணம் சற்றுக் கூடினாலும் கடைசிவரை ஃபைபராகவே கேட்டு வாங்க வேண்டும்; கிடைக்காத இடத்தில், எந்தப் போர்ட்டையும் வான் போர்ட்டாக மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் ரூட்டராக இருந்தால், ஒரு போர்ட் போனாலும் பக்கத்துப் போர்ட்டில் செருகி அன்றைய வேலையை முடித்துவிடலாம்.